‘அளவோடுதானே குடிக்கிறேன்’: மருத்துவரிடம் வடசென்னை வாசகர்களின் கேள்விகள்

மதுவும் உடல்நலமும் பற்றி இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை வடசென்னையிலிருந்து வந்தவை. ஆகவே மற்ற நோய்களைப் பற்றிய கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒத்திவைத்து, இம்முறை இவற்றுக்கு மட்டும் பதில் தருகிறேன். எழுதியவர்களின் பெயர்களை வெளியிடவில்லை. நீண்ட கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: என் கணவர் துறைமுகத்துக்கு கண்டெய்னர் ஏற்றிச் செல்லும் டிரெய்லர் லாரி ஓட்டுகிறார். இரவு பதினொரு மணிக்குச் சாப்பாட்டுக்கு முன் ஒரு குவாட்டர் குடிப்பார். சண்டை கிடையாது, தெருவில் விழுவது கிடையாது, சம்பளத்தையும் ஒழுங்காகக் கொண்டுவந்து தருகிறார். ‘அளவோடுதானே குடிக்கிறேன்’ என்கிறார். இது அளவுதானா, டாக்டர்?
— வாசகி, கொருக்குப்பேட்டை

பதில்: அம்மா, சண்டை போடாதவர், சம்பளத்தைத் தருபவர் என்பவை உங்கள் கணவரின் நல்ல குணத்தைக் காட்டுகின்றன, அவருடைய ஈரலின் நிலையைக் காட்டுவதில்லை. கணக்கைப் பார்த்துவிடுவோம். நம் கடைகளில் விற்கும் பிராந்தி, விஸ்கி, ரம் ஆகியவற்றில் பொதுவாக நூற்றுக்கு 42.8 பங்கு ஆல்கஹால். ஒரு குவாட்டர் என்பது 180 மில்லி. அதில் ஏறக்குறைய 77 மில்லி, அதாவது எடையில் சுமார் 60 கிராம், தூய ஆல்கஹால் இருக்கிறது. தினம் ஒரு குவாட்டர் என்றால் வாரத்துக்கு 420 கிராமுக்கு மேல். பிரிட்டன் அரசு 2016இல் திருத்திய வழிகாட்டுதல் ஆண், பெண் இருவருக்கும் வாரத்துக்கு 112 கிராமைத் தாண்டாதீர்கள் என்கிறது. அதைப்போல ஏறத்தாழ நான்கு மடங்கு உங்கள் வீட்டில் செலவாகிறது. கனடாவின் 2023ஆம் ஆண்டு வழிகாட்டுதல் இன்னும் கடுமையானது: ஆபத்து குறைவாக இருக்க வேண்டுமென்றால் வாரம் முழுவதற்கும் 27 கிராமே எல்லை என்கிறது. அது ஒரு கட்டிங்கைவிட, அதாவது அரைக் குவாட்டரைவிடக் குறைவு. ‘பாதுகாப்பான அளவு’ என்று எதையும் சொல்ல முடியாது என உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் வெளிப்படையாகவே அறிவித்துவிட்டது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. அவர் அதிகாலை ஐந்து மணிக்கு ஸ்டியரிங்கைப் பிடிப்பவராக இருந்தால், முந்தைய இரவின் குவாட்டர் அப்போதும் இரத்தத்தில் இருக்கும். 65 கிலோ எடையுள்ள ஓர் ஆண் ஒரு குவாட்டரைக் குடித்தால், 100 மில்லி இரத்தத்தில் தோராயமாக 130 மில்லிகிராம் வரை ஆல்கஹால் ஏறும். உடல் அதை மணிக்குச் சுமார் 15 மில்லிகிராம் வீதமே கரைக்கும். குளிப்பதும் காபி குடிப்பதும் அந்த வேகத்தைக் கூட்டுவதில்லை. ஆறு மணி நேரத்தில் 90 கழிந்தாலும் 40 மிஞ்சும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆம் பிரிவு அனுமதிக்கும் எல்லை 30. முதல் முறை பிடிபட்டால் 10,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். எண்ணூர் விரைவுச் சாலையில் அந்த நேரத்தில் இருசக்கர வாகனங்களில் வேலைக்குப் போகிறவர்கள் எத்தனை பேர் என்பது அவருக்கே நன்றாகத் தெரியும். இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி அவரிடம் காட்டுங்கள். வாய்ச்சொல்லாகச் சொல்வதைவிட அது பயன்படும் என்று நினைக்கிறேன்.

கேள்வி: சிகரெட் பெட்டியில் புற்றுநோய்ப் படம் போடுகிறார்கள். மது பாட்டிலில் ‘மது நாட்டுக்கு, வீட்டுக்கு, உயிருக்குக் கேடு’ என்பதோடு சரி. மதுவினால் புற்றுநோய் வரும் என்று கல்லூரியில் ஒரு நண்பன் சொன்னபோது யாரும் நம்பவில்லை. உண்மையா? உண்மையென்றால் ஏன் எவருக்கும் தெரியவில்லை?
— மாணவர், பெரம்பூர்

பதில்: உண்மை, தம்பி. அது புதிய செய்தியும் அன்று. உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் இயங்கும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, மதுவை முதல் வகைப் புற்றுநோய்க் காரணியாக 1988இலேயே வகைப்படுத்திவிட்டது. புகையிலையும் ஆஸ்பெஸ்டாஸ் என்னும் கல்நாரும் இருப்பது அதே வகையில்தான். வாய், தொண்டை, குரல்வளை, உணவுக்குழாய், ஈரல், பெருங்குடல் – மலக்குடல், பெண்களின் மார்பகம் ஆகிய இடங்களில் வரும் புற்றுநோய்களுக்கும் மதுவுக்கும் உள்ள தொடர்பு உறுதிசெய்யப்பட்டிருக்கிறது.

இது நடக்கும் விதம் சிக்கலானது அன்று. உடல் ஆல்கஹாலை முதலில் அசிட்டால்டிஹைடு என்ற பொருளாக மாற்றுகிறது. பிறகுதான் அதைத் தீங்கற்ற அசிட்டேட்டாக மாற்றி வெளியேற்றுகிறது. இடையில் நிற்கும் அந்த அசிட்டால்டிஹைடு செல்லின் மரபணுவில் ஒட்டிக்கொண்டு அதைச் சேதப்படுத்துகிறது. சேதத்தைச் சரிசெய்யும் வேலையையும் தடுக்கிறது. பிராந்தியோ, பீரோ, விலை உயர்ந்த வெளிநாட்டு ஒயினோ, உள்ளே போன பிறகு இந்த மாற்றத்தில் வேறுபாடு கிடையாது. நம் பகுதிக்கென்று ஒன்றைச் சேர்த்துச் சொல்கிறேன்: புகையிலை கலந்த மாவாவை வாயில் அடக்கிக்கொண்டோ, பீடி புகைத்துக்கொண்டோ குடிப்பவர்களுக்கு வாய், தொண்டைப் புற்றுநோயின் ஆபத்து, இரண்டு ஆபத்துகளையும் கூட்டினால் வரும் அளவோடு நிற்பதில்லை, பல மடங்காகப் பெருகுகிறது. புகையிலையின் நச்சு வாயின் சவ்வுக்குள் எளிதாக இறங்குவதற்கு ஆல்கஹால் வழி செய்து கொடுக்கிறது.

ஏன் தெரியவில்லை என்று கேட்கிறீர்கள். ஒரு காரணம், தெரியாமலிருப்பதில் சிலருக்கு ஆதாயம் இருக்கிறது. கனடாவின் யூகான் பகுதியில் 2017 நவம்பரில், ஆராய்ச்சியாளர்கள் ஒரு மதுக்கடையில் விற்ற பாட்டில்களின் மேல், மது புற்றுநோயை உண்டாக்கும் என்று எழுதிய பெரிய வண்ண ஒட்டுத்தாள்களை ஒட்டத் தொடங்கினார்கள். மதுத் தொழில் அமைப்புகள் எதிர்த்தன. ஒரு மாத அளவிலேயே அந்த வாசகம் நிறுத்தப்பட்டது. அப்படியிருந்தும், ஒட்டுத்தாள் இருந்த மதுவகைகளின் விற்பனை குறைந்தது ஆய்வில் தெரியவந்தது. நான் அதைவிட முக்கியமாகக் கருதுவது அதே ஆய்வின் இன்னொரு முடிவை: மதுவினால் புற்றுநோய் வரும் என்பதைப் புதிதாகத் தெரிந்துகொண்டவர்கள், மதுவுக்குக் குறைந்தபட்ச விலை வைக்கும் சட்டத்தை மற்றவர்களைவிட அதிகமாக ஆதரித்தார்கள். விவரம் தெரியாதவரையில் மதுக் கட்டுப்பாடு என்பது குடிகாரனைத் திருத்தும் வேலையாகவே மக்களுக்குப் படுகிறது. தெரிந்த பிறகு, விற்பனைக்கு வரும் ஒரு பொருளைப் பற்றிய கேள்வியாக அது மாறிவிடுகிறது.

அயர்லாந்து 2018இல் சட்டம் இயற்றி, 2023இல் விதிகளை வகுத்து, 2026 முதல் பாட்டில்களில் புற்றுநோய் எச்சரிக்கை கட்டாயம் என்று அறிவித்தது. அதுவும் இப்போது 2028க்குத் தள்ளிவைக்கப்பட்டிருக்கிறது. இந்தியாவில் 2019 ஏப்ரல் முதல் பாட்டிலில் கட்டாயமாக்கப்பட்டிருக்கும் எச்சரிக்கை, மது உடல்நலத்துக்குக் கேடு, குடித்துவிட்டு வாகனம் ஓட்டாதீர்கள் என்ற அளவில் நிற்கிறது. சிகரெட் பெட்டியின் பரப்பில் 85 சதவீதத்தை எச்சரிக்கைக்கு ஒதுக்கச் செய்த நாடு, மதுவில் பொடி எழுத்தோடு நிறுத்திக்கொண்டதற்கு மருத்துவக் காரணம் எதுவும் எனக்குத் தெரிந்து இல்லை.

கேள்வி: சளிக்குக் கொஞ்சம் பிராந்தி நல்லது என்கிறார்களே? பிள்ளை பெற்றவளுக்கும் கொடுக்கலாமா?
— வாசகி, பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: இரண்டுக்கும் கூடாது. பிள்ளை பெற்றவளுக்கு ஒரு மூடி பிராந்தி கொடுக்கும் பாட்டிமார்கள் நம் தெருக்களில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களோடு வாதாடிப் பயனில்லை, பாட்டிலை எடுத்து ஒளித்துவிடுவதே எளிது. தாய் குடிக்கும் ஆல்கஹால் தாய்ப்பாலுக்குள் போகும்.

கேள்வி: என் அண்ணன் பதினைந்து ஆண்டுகளாகக் குடிக்கிறார், இப்போது காலையில் எழுந்ததும் குடித்தால்தான் கை நடுக்கம் நிற்கிறது. சென்ற கார்த்திகையில் ஐயப்பனுக்கு மாலை போட்டு ஒரே நாளில் நிறுத்தினார். மூன்றாம் நாள் இரவு உடம்பெல்லாம் வியர்த்து, இல்லாத ஆட்களோடு பேசத் தொடங்கினார். சாமி வந்துவிட்டது என்றார்கள். பயந்துபோய் மாலையைக் கழற்றிவிட்டோம், பழையபடி குடிக்கிறார். அவருக்குத் தெரியாமல் சாம்பாரில் கலந்து கொடுக்கும் பவுடர் ஒன்று கிடைக்கிறதாம். கொடுக்கலாமா, ஐயா?
— தங்கை, வியாசர்பாடி

பதில்: தயவுசெய்து கொடுக்காதீர்கள், அம்மா. முதலில் அந்த மூன்றாம் நாளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நீண்ட காலம் அதிகமாகக் குடித்தவரின் மூளை, ஆல்கஹாலின் மந்தத்துக்கு ஈடுகொடுப்பதற்காகத் தன்னை எப்போதும் முடுக்கிவிட்ட நிலையிலேயே வைத்துப் பழகியிருக்கும். மதுவைத் திடீரென நிறுத்தினால் அந்த முடுக்கம் மட்டும் கடிவாளம் இல்லாமல் மிஞ்சுகிறது. சில மணி நேரத்தில் நடுக்கமும் வியர்வையும் தொடங்கும். முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள் வரையிலான காலத்தில், நீங்கள் எழுதியிருப்பது போல மனம் குழம்பி, இல்லாதவற்றைக் காணும் நிலை வரலாம். இதற்குச் சிகிச்சை தராவிட்டால் உயிர் போகக்கூடும். அன்று வந்தது சாமியும் அன்று, உங்கள் அண்ணனின் மன உறுதிக் குறைவும் அன்று. அவசர சிகிச்சை வேண்டிய ஒரு நோய்நிலை. மாலை போடுகிறவர்கள் பலர் சிரமமின்றி நிறுத்திவிடுகிறார்கள் என்பது உண்மை. ஆனால் காலையில் எழுந்ததும் குடிக்க வேண்டிய நிலைக்கு வந்தவர் அவர்களைப் போல் நிறுத்த முயலக்கூடாது. அடுத்த முறை மாலை போட விரும்பினால், சில வாரங்களுக்கு முன்பே மருத்துவரைப் பார்த்து, மருந்தின் துணையோடு நிறுத்திவிட்டுப் போடட்டும்.

மருத்துவமனையில் சேர்த்தால், நடுக்கத்தையும் வலிப்பையும் தடுக்கும் மாத்திரைகளைச் சில நாட்கள் கொடுத்துப் படிப்படியாகக் குறைப்பார்கள். தயமின் என்னும் வைட்டமின் பி1 ஊசியும் போடுவார்கள். அது குறைந்தால் நினைவாற்றலே நிரந்தரமாகப் போய்விடலாம். இது முதல் கட்டம். அதன் பிறகு குடி வேட்கையைக் குறைக்கும் மாத்திரைகளும் ஆலோசனையும் பல மாதங்கள் தொடர வேண்டும். நடுவில் ஒருமுறை அவர் மீண்டும் குடித்துவிட்டால், சிகிச்சை தோற்றுவிட்டது என்று நினைத்துக் கைவிட வேண்டாம். சர்க்கரை நோயாளிக்குச் சர்க்கரை ஏறினால் நாம் அப்படி நினைப்பதில்லை அல்லவா?

இனி அந்தப் பவுடர். அதில் என்ன இருக்கிறது என்று விற்பவர் சொல்லமாட்டார். அது டைசல்ஃபிராம் என்ற மருந்தாக இருந்தால், அதை உண்டவர் குடிக்கும்போது அசிட்டால்டிஹைடு உடலில் தேங்கி, முகம் சிவந்து, வாந்தி எடுத்து, இரத்த அழுத்தம் சரிந்து, சில வேளைகளில் இதயமே நின்றுவிடலாம். நோயாளியின் சம்மதத்தோடு, ஈரலையும் இதயத்தையும் சோதித்த பிறகு மருத்துவர் தர வேண்டிய மருந்து அது. அண்ணனுக்கு விஷயம் தெரிந்துவிட்டால் உங்கள் கையால் சாப்பிடுவதையே நிறுத்திவிடுவார் என்பதையும் யோசியுங்கள்.

உங்களுக்கு அருகில் அரசு ஸ்டான்லி மருத்துவமனையின் மனநல மருத்துவப் பிரிவு இருக்கிறது. 1794இல் தொடங்கி இன்றும் இயங்கும் கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகத்திலும் குடிமீட்புச் சிகிச்சை உண்டு. நேரில் போகத் தயக்கமாக இருந்தால் 14446 என்ற தேசிய போதை மீட்பு உதவி எண்ணிலோ, 14416 என்ற மனநல உதவி எண்ணிலோ பேசலாம், கட்டணம் கிடையாது. தனியார் மறுவாழ்வு மையத்தில் சேர்ப்பதாக இருந்தால், 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின்படி பதிவு பெற்றதா என்று சான்றிதழைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். மாதக்கணக்கில் பார்க்கவே விடமாட்டோம் என்று சொல்லும் இடத்தில் சேர்க்காதீர்கள். இந்தியாவில் 5.7 கோடிப் பேருக்கு மதுவின் காரணமாக உதவி தேவைப்படுகிறது என்று 2019இல் வெளியான மத்திய அரசின் ஆய்வு சொன்னது. மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதேனும் சிகிச்சை பெற்றதாகவும் அதே ஆய்வு சொன்னது. மற்ற 37 பேரின் வீடுகளில் இந்தப் பவுடர்களுக்குச் சந்தை இருக்கிறது.

கேள்வி: 1937இல் ராஜாஜி சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கியதையும், 1971இல் அது விலக்கப்பட்டதையும், மீண்டும் வந்ததையும், மீண்டும் போனதையும் கேட்டும் பார்த்தும் சலித்தவன் நான். மூடினால் கள்ளச்சாராயம், திறந்தால் குடும்பம் அழிவு. இதில் கட்டுப்பாடு, விழிப்புணர்வு என்று பேசுவதால் என்ன பயன்?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், திருவொற்றியூர்

பதில்: ஐயா, உங்கள் சலிப்பு நியாயமானது. ஆனால் ‘முழு விலக்கு, இல்லையேல் கடை’ என்று இரண்டே வழிகள் இருப்பதாக நாம் அரை நூற்றாண்டுக்கும் மேலாகப் பேசிப் பழகிவிட்டோம். இடையில் உள்ளவற்றைப் பற்றி யோசிப்பதற்கு மேடைகளில் இடமே இருப்பதில்லை. விற்கும் நேரம், கடைகளின் எண்ணிக்கை, வயது வரம்பு, விலை, விளம்பரத் தடை, சாலைச் சோதனை, சிகிச்சை வசதி ஆகிய ஒவ்வொன்றும் தனித்தனியே திருப்பக்கூடிய திருகு. 2003 நவம்பர் முதல் சில்லறை விற்பனை அரசின் டாஸ்மாக் கையில் இருக்கிறது. ஆகவே இவற்றில் பலவற்றைத் திருப்பும் அதிகாரமும் மாநில அரசிடமே இருக்கிறது. 2016இல் கடை திறக்கும் நேரம் காலை பத்திலிருந்து பகல் பன்னிரண்டாக மாற்றப்பட்டது; 2016, 2017, 2023 ஆகிய ஆண்டுகளில் ஒவ்வொரு முறையும் 500 கடைகள் மூடப்பட்டன. இவை சிறிய அடிகள். இவற்றால் விளைந்த மாற்றம் என்ன என்பதை மருத்துவமனைப் பதிவேடுகளை வைத்து அளந்து மக்களிடம் சொல்லியிருந்தால், உங்களைப் போன்றவர்கள் இவ்வளவு சலித்திருக்க மாட்டீர்கள்.

அளந்து சொன்ன ஒரு நாட்டைப் பார்ப்போம். ஸ்காட்லாந்து 2018 மே மாதத்தில், இன்ன அளவு ஆல்கஹாலை இன்ன விலைக்குக் கீழே விற்கக்கூடாது என்று சட்டம் செய்தது. அச்சட்டம் இல்லாதிருந்தால் நேர்ந்திருக்கக்கூடிய, மதுவை மட்டுமே காரணமாகக் கொண்ட சாவுகளோடு ஒப்பிட்டால் 13 சதவீத அளவுக்குக் குறைவு என்று 2023இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. இங்கே விலையை ஏற்றினால் கள்ளச்சாராயம் பெருகாதா என்பீர்கள். பெருகலாம். 2023இல் மரக்காணத்திலும் 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியிலும் மெத்தனால் என்ற நச்சுப் பொருள் கலந்த சாராயம் என்ன செய்தது என்பதைப் பார்த்தோம். கள்ளக்குறிச்சியில் மட்டும் இறந்தவர்கள் அறுபதுக்கும் மேல். ஆனால் அந்த இரண்டு முறையும் மாநிலத்தில் டாஸ்மாக் கடைகள் திறந்துதான் இருந்தன. ஆகவே கடைகளைத் திறந்து வைப்பதே கள்ளச்சாராயத்துக்கு மருந்து என்ற வாதம் நிற்காது; மெத்தனால் எந்த ஆலையிலிருந்து யார் கைக்குப் போகிறது என்று கண்காணிப்பது தனி வேலை, அதைத் தனியாகவே செய்ய வேண்டும்.

அரசியலில் நடக்காது என்பதற்கு வருவாயைக் காரணம் காட்டுவார்கள். 2023–24இல் மது விற்பனையால் மாநிலத்துக்கு 45,000 கோடி ரூபாய்க்கு மேல் வரி கிடைத்தது, உண்மைதான். எனினும், 2019–21இன் தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 வயதுக்கு மேற்பட்ட ஆண்களில் குடிப்பதாகச் சொன்னவர்கள் ஏறக்குறைய நான்கில் ஒருவர்தான். பெண்களில் மிக மிகச் சிலர். குடிக்காதவர்களே பெரும்பான்மை. அவர்களுடைய ஆதரவு தேர்தல் நேரத்து மதுவிலக்கு முழக்கத்துக்குக் கிடைக்கும் அளவுக்கு, விலைக்கோ விற்பனை நேரத்துக்கோ கிடைத்ததில்லை. யாரும் அவர்களிடம் அப்படிப் பிரித்துக் கேட்கவில்லை என்பதும் ஒரு காரணம்.

கேள்வி: விசைப்படகில் பத்து நாள் கடலில் கிடந்துவிட்டு வருகிறோம். உடம்பு வலிக்கும் தூக்கத்துக்கும் குடிக்கிறோம். நட்சத்திர ஓட்டலில் குடிப்பவர்களை விட்டுவிட்டு ஏழைகளுக்கே ஏன் புத்தி சொல்கிறீர்கள்?
— மீனவர், காசிமேடு

பதில்: உங்கள் கோபத்தில் பாதியை நான் ஏற்கிறேன். ஒரே அளவு குடித்தாலும் வசதியுள்ளவரைவிட ஏழையின் உடலே அதிகம் கெடுகிறது என்பது பல நாடுகளில் கண்ட உண்மை. சத்துக்குறைவு, புகையிலை, கடின உழைப்பு, தாமதமாகக் கிடைக்கும் மருத்துவம் ஆகியவை சேர்ந்து அப்படிச் செய்கின்றன. நான் மேலே சொன்ன ஸ்காட்லாந்திலும் சாவுகள் அதிகம் குறைந்தது மிக ஏழ்மையான பகுதிகளில்தான். ஆகவே கட்டுப்பாடு ஏழைகளுக்கு எதிரானது என்ற முடிவுக்கு அவசரப்பட்டு வரவேண்டாம்.

மற்ற பாதியை ஏற்க முடியவில்லை. மது தூக்கத்தைச் சீக்கிரம் வரவழைக்கும். ஆனால் இரவின் பின்பாதியில் அதுவே தூக்கத்தைக் கலைத்துவிடும். அதனால்தான் எழுந்த பிறகும் அசதி போவதில்லை. வலியை அது மரத்துப்போகச் செய்கிறதே தவிர, தசையின் காயத்தை ஆற்றுவதில்லை. நீர்ச்சத்தை வெளியேற்றுவதால் மறுநாள் வலி கூடவும் செய்யும். கடலில் இருக்கும்போது குடித்தால் உடம்பு சூடாவது போலத் தோன்றுவது, தோலின் இரத்தக் குழாய்கள் விரிவதால். உண்மையில் உடலின் உள்வெப்பம் அப்போது வெளியே போய்க்கொண்டிருக்கிறது. தோள், இடுப்பு வலி தொடர்ந்து இருந்தால் ஸ்டான்லியின் எலும்பு மருத்துவப் பிரிவில் காட்டுங்கள். மாலையில் உட்கார்ந்து பேசுவதற்கு மீன்பிடித் துறைமுகத்தைச் சுற்றி மதுக்கடை பாரைத் தவிர வேறு இடம் எங்கே இருக்கிறது என்று நீங்கள் கேட்டிருந்தால், என்னிடம் பதில் இருந்திருக்காது.

கேள்வி: எங்கள் பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கு மிக அருகில் மதுக்கடை இருக்கிறது. யாரிடம் புகார் செய்வது?
— பெற்றோர் சிலர், ராயபுரம்

பதில்: 2003ஆம் ஆண்டின் சில்லறை மது விற்பனை விதிகளின்படி, மாநகராட்சி, நகராட்சிப் பகுதிகளில் பள்ளி, கல்லூரி, வழிபாட்டுத் தலம் ஆகியவற்றிலிருந்து 50 மீட்டருக்குள் மதுக்கடை இருக்கக்கூடாது, மற்ற பகுதிகளில் இது 100 மீட்டர். நகரத்துப் பிள்ளைக்கு ஏன் பாதித் தூரம் போதும் என்று விதியை எழுதியவர்கள் கருதினார்களோ, எனக்கு விளங்கவில்லை. நகர்த் திட்டக் குழுமம் வணிகப் பகுதி என்றோ தொழிற்பகுதி என்றோ வகைப்படுத்திய இடங்களுக்கு இந்தத் தூரக் கட்டுப்பாடு பொருந்தாது. ஆகவே மனு எழுதும் முன், அந்தத் தெரு எந்த வகையில் வருகிறது என்று விசாரித்துக்கொள்ளுங்கள். கடைக்கும் பள்ளி வாயிலுக்கும் உள்ள தூரத்தை டேப் வைத்து அளந்து, புகைப்படத்தோடும் பெற்றோரின் கையொப்பங்களோடும், ராஜாஜி சாலையில் உள்ள மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் மனுவைக் கொடுங்கள். நகலை உங்கள் வார்டு உறுப்பினருக்கும் தாருங்கள். விற்பனை நேரத்துக்கு வெளியே பிளாக்கில் விற்பது, 21 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு விற்பது போன்றவற்றுக்கு மதுவிலக்குப் பிரிவின் 10581 என்ற கட்டணமில்லா எண் இருக்கிறது. ஆட்சியர் அலுவலகத்தில் மனுவுக்குப் பதிவு எண்ணுடன் ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பின்னர் நீதிமன்றத்துக்குப் போக நேர்ந்தால் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.